கோடு போடாமல் விட்ட பக்கம்

சென்ற வாரம் படப்பையில் கேஸ் ஏஜென்சிக்குப் போயிருந்தேன். மானியம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டுமானால் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டுமாம். சுவரோரம் நின்று நிரப்பி ஜன்னலில் நீட்டினேன். உள்ளே இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஃபார்ம் பூரா கிறுக்கி வெச்சிகிறீங்க?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். காலியாக இருந்த கட்டங்கள் எல்லாவற்றிலும் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரு சாய்கோடு. ஒவ்வொரு கோட்டின் தலையிலும் என் இனிஷியல். காலடியில் இன்னொரு இனிஷியலுக்காக விட்ட இடம். எப்போது போட்டேன் என்றே எனக்குத் தெரியவில்லை. வேறு படிவம் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து வெயிலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எப்படிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் நின்றுபோகும். இருபத்தேழு வருடம் ஊராட்சி ஆபீசில் கிளார்க்காகக் குப்பை கொட்டியவனுக்குக் கடிதம் தொடங்குவதில் என்ன கஷ்டம் என்று வேறு யாராவது கேட்கலாம். நீங்கள் கேட்க மாட்டீர்கள். காரணம் உங்களுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஆறின் கடைசியில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து நீங்கள் தலைவராக வந்தபோது, கையெழுத்துப் போட ஒரு ஆள் வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஊரில் இருந்த பொறியியல் கல்லூரிக்கு டேங்கர் தண்ணீரும் கிராவலும் சப்ளை செய்துகொண்டிருந்த துணைத் தலைவர், நாற்காலியை எங்கே போட வேண்டும் என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தார். நீங்கள் காலனிப் பெண். நான் ஊர்த்தெரு. என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். உங்களுக்கு முன்னால் இருந்த தலைவர்கள் எல்லோரையும் 'தலைவரே' என்று வாய் நிறையக் கூப்பிட்டவன் நான். உங்களை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே மூன்று வருடம் ஓட்டினேன். 'இங்க ஒரு கையெழுத்து', 'ஒன்றியத்துல இருந்து போன் வந்துது', 'நாளைக்கு மீட்டிங் வெச்சிக்கலாமா' என்று தலையில்லாத வாக்கியங்களாகப் பேசப் பழகிக்கொண்டேன். மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை என்று உள்ளுக்குள் பெருமை வேறு. நீங்கள் முதல் நாளிலிருந்தே என்னைச் 'சார்' என்றுதான் கூப்பிட்டீர்கள்.

நம் ஊராட்சியில் தீர்மானப் புத்தகம் எழுதுவதற்கு ஒரு பழக்கம் இருந்தது. கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் வந்தவுடன் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஒருவருக்கு ஷிஃப்டுக்குப் போக வேண்டும், இன்னொருவருக்கு மனை பார்க்க ஆள் வந்து காத்திருக்கும். மேலே காலியாக இருக்கும் இடத்தில் தீர்மானங்களை நான் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வேன். இதை யாரும் தப்பு என்று நினைத்ததில்லை, நானும்தான். முதல் கூட்டத்தில் நான் வெறும் பக்கத்தை நீட்டியதும் நீங்கள் பேனாவை மூடி வைத்தீர்கள். எழுதிவிட்டுக் கொண்டுவரச் சொன்னீர்கள். எழுதிக் கொண்டுவந்ததும், எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே கையகல இடம் மீதி இருப்பதைக் காட்டி, அதில் ஒரு சாய்கோடு போடச் சொன்னீர்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் ஏழு வருடம் QC வேலை பார்த்தவர் நீங்கள். அங்கே ஒரு தாள் உண்டாம், ஒவ்வொரு பீஸையும் பார்த்து ஓகே, ரிஜெக்ட் என்று குறிப்பதற்கு. "காலியா ஒரு கட்டம் வுட்டா, அடுத்த ஷிஃப்ட்டுக்காரன் வந்து ஓகேன்னு போட்டுட்டுப் போய்டுவான் சார். அப்பால பிரச்சினைன்னு வந்தா அடியில என் கையெழுத்துதான் நிக்கும்" என்றீர்கள். கோட்டின் தலையில் எழுதியவர் இனிஷியல், காலடியில் சரிபார்த்தவர் இனிஷியல். அதுதான் உங்கள் கம்பெனி முறை. கம்பெனி ரூல் ஆபீசுக்குள் வந்துவிட்டது என்று துணைத் தலைவர் கேலி செய்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன், ஆனால் கோடு போட்டேன். ஒரு வருடத்தில் அது பழகிப்போய், போடாவிட்டால் பக்கம் மொட்டையாகத் தெரிந்தது.

கல்லூரி விஷயம் கிணற்றிலிருந்து தொடங்கியது. காலனிக் குடிநீர்க் கிணற்றில் ஒரு கோடைக்குப் பிறகு சோப்பு நுரை மிதக்க ஆரம்பித்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொறியியல் கல்லூரியின் கடைசி விடுதிக் கட்டடத்திலிருந்து கழிவுநீர் ஓடையில் இறங்கி, கிணற்றோரம் வந்து தேங்கி நின்றது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து காலனிக்குத் தனியாகக் குழாய் இழுத்தால்தான் விடிவு. ஊராட்சியில் அதற்குப் பணம் இல்லை. எல்லைக்குள் இருப்பதிலேயே பெரிய கட்டடங்கள் கல்லூரியுடையவை, அவற்றுக்கு வீட்டு வரி கிடையாது. கல்விக்குப் பயன்படும் கட்டடங்களுக்கு விலக்கு என்று சட்டப் புத்தகத்தில் இருந்ததை நான் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். இத்தோடு இந்தப் பேச்சு முடிந்தது என்கிற தோரணையில்தான் வாசித்தேன்.

நீங்கள் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னீர்கள். கேட்டுவிட்டு, "அந்தக் கடைசி பில்டிங்குல யார் சார் படிக்கிறாங்க?" என்றீர்கள்.

யாரும் படிக்கவில்லை. எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். பிள்ளைகள் சேர்க்கை குறைந்து காலியாகக் கிடந்த அந்த விடுதியை ஒரு லேபர் கான்ட்ராக்டருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். செல்போன் பாகம் செய்யும் கம்பெனிக்காகத் திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் நூற்றுக்கணக்கில் அங்கே தங்கியிருந்தார்கள். மூன்று ஷிஃப்டுக்கும் கம்பெனி பஸ் அந்த கேட்டுக்குள் போய்வந்துகொண்டிருந்தது. "படிக்கிற எடத்துக்கு நான் கேக்கல சார். வாடகைக்கு வுட்ட எடத்துக்குக் கேக்கறேன். அதுக்கு நமக்கு ரைட்டு கீதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்றீர்கள். இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பார்க்கணும் என்று சொன்னேன்.

ஏன் அப்படி இழுத்தேன் என்றால், என் மகள் அப்போது அந்தக் கல்லூரியில் இரண்டாம் வருடம். கட்டணம் முழுவதும் தள்ளுபடி. பிளஸ் டூவில் நல்ல மார்க், அதற்காகக் கொடுத்தார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம். சொந்தக்காரர்களிடமும் அதையேதான் சொன்னோம். அந்தத் தள்ளுபடி இல்லாவிட்டால் என் சம்பளத்தில் ஒரு செமஸ்டர்கூடத் தாண்டியிருக்க முடியாது. உங்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வரி போட வேண்டுமென்றால் முதலில் கட்டடத்தை அளக்க வேண்டும். இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்தி, அனுமதிக் கடிதம் கேட்டார். மூன்றாவது முறை நீங்கள் என்னை ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு வரச் சொன்னீர்கள். முதல் ஷிஃப்ட் முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த கம்பெனி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினீர்கள். டிரைவர் உங்கள் பழைய கம்பெனியில் வண்டி ஓட்டியவர் போலிருக்கிறது, 'ஏறுக்கா' என்றார். அந்த பஸ்ஸை எந்த செக்யூரிட்டியும் நிறுத்தவில்லை. டேப்பை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, நாற்பது பெண்களுக்கு நடுவே நான் ஒருவன் தலை குனிந்து உட்கார்ந்து உள்ளே போனதை நினைத்தால் இப்போதும் எனக்கு முதுகு வேர்க்கிறது.

பெண்கள் விடுதிக்குள் நான் நுழைய முடியாது. நீங்கள் உள்ளே போனீர்கள். டேப்பின் ஒரு முனையை அந்தப் பெண்களே பிடித்தார்கள். மாடி வராந்தாவிலிருந்து நீங்கள் நீளமும் அகலமும் சொல்லச் சொல்ல, கீழே வேப்பமரத்தடியில் நின்று நான் குறித்தேன். ஒரு பெண் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு உங்களிடம், "வரி போட்டா எங்க சம்பளத்துலல்லாக்கா பிடிப்பாவ?" என்று கேட்டாள். நீங்கள் டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தினீர்கள். பிடிக்கக்கூடும், பிடித்தால் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று சொன்னீர்கள். பிடிக்க மாட்டார்கள் என்று சமாதானம் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு அப்படிப் பேச வரவில்லை. இரண்டாவது மாடியை அளந்து முடிக்கும் தறுவாயில் கல்லூரியின் நிர்வாக அலுவலர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் உங்களைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து, என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நீங்கள் மேலிருந்து கடைசி அறையின் அளவைச் சொன்னீர்கள். நான் குறித்தேன், ஆனால் அந்த எண் மட்டும் கோணலாக விழுந்திருந்தது.

மறுநாள் அவர் எனக்குப் போன் செய்தார். மிரட்டவெல்லாம் இல்லை. பெண் நன்றாகப் படிக்கிறாளாம், வாத்தியார்கள் சொன்னார்களாம். அடுத்த செமஸ்டர் சலுகை விஷயமாக நிர்வாகத்தில் ஒரு யோசனை இருக்கிறதாம், ஒரு நாள் நேரில் வந்தால் பேசலாமாம். நான் போனேன். காபி கொடுத்தார்கள். ஊராட்சி என்ன முடிவு எடுத்தாலும் கல்லூரி மதிக்கும் என்றும், முடிவு எடுப்பதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட்டால் நல்லது என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலில் உட்கார்ந்து டிராயிங் போட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டம் நடந்தது. கடைசி விடுதிக் கட்டடத்தை வரி விதிப்புப் பதிவேட்டில் சேர்ப்பது, வரும் வரியில் காலனிக் குழாய் வேலையைத் தொடங்குவது என்று தீர்மானம். துணைத் தலைவர் எதிர்த்தார், அவரோடு இன்னும் இரண்டு பேர். ஒரு ஓட்டு அதிகமாகத் தீர்மானம் நிறைவேறியது. நான் எழுதினேன், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், நீங்களும் போட்டீர்கள். அப்போது காலனியிலிருந்து ஆள் வந்தது, மோட்டார் எரிந்துவிட்டதாம். செருப்பை மாட்டிக்கொண்டே, "கோடு போட்டு வைங்க சார், காலைல வந்து இனிஷியல் வெச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

ஸ்கேலை எடுத்துப் பக்கத்தின் மேல் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் நான் அன்றைக்குச் செய்தது. காலையில் நீங்கள் வந்து புத்தகம் கேட்டபோது, நகல் எடுக்க ஒன்றியத்துக்குப் போயிருக்கிறது என்றேன். அது என் பீரோவில்தான் இருந்தது. நீங்கள் தலையாட்டிவிட்டு, எரிந்த மோட்டாருக்கு ஆள் பிடிக்கப் போனீர்கள்.

மூன்றாம் நாள் துணைத் தலைவர் ஒரு துண்டுத் தாள் கொண்டுவந்தார். அரசிடமிருந்து தெளிவுரை பெறும்வரை மேற்படி தீர்மானம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. கையகல இடத்துக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது அந்த வாசகம். அதே பேனாவில், அதே எழுத்தில், எழுதி முடித்தேன். பக்கம் நிறைந்துவிட்டது. நிறைந்த பக்கத்துக்குக் கோடு தேவையில்லை, மோட்டார் அலைச்சலில் இனிஷியல் வைக்க வேண்டியதை நீங்களும் மறந்திருந்தீர்கள், அதனால் பிறகு புத்தகத்தைப் புரட்டியபோது உங்களுக்கும் சந்தேகம் வரவில்லை.

கல்லூரிக்கு நோட்டீஸ் போயிற்று, அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். ஒன்றிய அலுவலகத்தில் விசாரணை. நீங்கள் இஸ்திரி போட்ட பச்சைப் புடவையில், அளவு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வாடகை ஒப்பந்தம் பற்றியும் பஸ் பற்றியும் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். அதிகாரி கவனமாகக் கேட்டார், இரண்டு இடத்தில் குறிப்பு எடுத்தார். ஜெயித்துவிடுவீர்கள் என்று எனக்கே தோன்றியது. அப்போது கல்லூரி வக்கீல் தீர்மான நகலை எடுத்து நீட்டினார். ஊராட்சியே நிறுத்தி வைத்த ஒரு தீர்மானத்தின் பேரில் நோட்டீஸ் எப்படி அனுப்பினார்கள் என்று கேட்டார்.

நீங்கள் புத்தகத்தைக் கேட்டு வாங்கினீர்கள். விரலை வைத்து மெதுவாக வாசித்துக்கொண்டே வந்தீர்கள். தீர்மானம் முடிகிற இடத்தில் விரல் நின்றது. அங்கிருந்து கையெழுத்துகள் வரைக்கும் ஒரு முறை கீழே போய், திரும்ப மேலே வந்தது. கோட்டைத் தேடுகிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது. இது உங்கள் கையெழுத்துதானா என்று அதிகாரி கேட்டார்.

"கையெழுத்து என்னுதுதான் சார். எழுத்து அவரோடது. அவரையே கேளுங்க" என்றீர்கள். என்னைத் திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னீர்கள்.

எழுந்து நின்றேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும், வழக்கு வரும், மகள் நின்றுவிடுவாள். சொல்லாவிட்டால் குழாய் வராது. இரண்டும் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தன. குழம்பிப்போய்ச் சொல்லிவிட்டேன் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளும் என்னால் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை.

"கூட்டத்துல போட்டதுதான் சார். தலைவரம்மா சொல்லித்தான் எழுதினேன்" என்றேன்.

நோட்டீஸ் ரத்தானது. அரசின் தெளிவுரை பெற்று, புதிதாகத் தீர்மானம் போட்டு வரச் சொன்னார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். நான் இரண்டு சீட் தள்ளி உட்காரப் போனேன், நீங்கள் பக்கத்து சீட்டைக் காட்டினீர்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும், வெளியே பார்த்தபடியே, "மூணு வருஷத்துல இன்னிக்கித்தான் சார் என்னத் தலைவர்னு கூப்ட்டீங்க" என்றீர்கள்.

எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது. மகளைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தெரியும் என்றீர்கள். முதல் வருடத்திலிருந்தே தெரியுமாம். "என்னாண்ட வந்து கேட்டிருக்கலாம். மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்." உங்கள் டிக்கெட்டையும் சேர்த்து நான் எடுக்கப் போனபோது, வேண்டாம் என்று கையால் தடுத்து, நீங்களே எடுத்துக்கொண்டீர்கள்.

என்னை மாற்றச் சொல்லி நீங்கள் ஒன்றியத்துக்கு எழுதுவீர்கள் என்று ஒரு மாதம் பயந்துகொண்டே இருந்தேன். எழுதவில்லை. அடுத்த கூட்டத்தில் புத்தகத்தை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு நீங்களே தீர்மானங்களை எழுதினீர்கள். எழுத்துக் கூட்டுவதுபோல் மெல்லத்தான் எழுத வரும் உங்களுக்கு. உறுப்பினர்கள் பொறுமையிழந்து கடிகாரம் பார்த்தார்கள். எழுதி முடித்து, கையெழுத்துகள் வாங்கி, புத்தகத்தை என் பக்கம் திருப்பி, ஸ்கேலை அதன் மேல் வைத்து, "கோடு மட்டும் நீங்க போடுங்க சார்" என்றீர்கள். உங்கள் பதவிக்காலம் முடியும்வரை, ஒன்றரை வருடத்துக்கு மேல், ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படித்தான். அது தண்டனையா, எனக்கு மிச்சம் வைத்த நம்பிக்கையா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். கேட்டுவிட்டிருக்கலாம்.

கல்லூரித் தீர்மானத்தை மறுபடி கொண்டுவர நான்கு முறை கூட்டம் கூட்டினீர்கள். நான்கு முறையும் போதிய உறுப்பினர் வரவில்லை. தெளிவுரை கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் வரவில்லை. காலனிப் பெண்கள் குடத்தோடு ஆபீஸ் வாசலுக்கு வரும்போது, அரசாங்கத்திலிருந்து பதில் வர வேண்டும் என்று நான்தான் சொல்லி அனுப்புவேன். நீங்கள் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள். காரணம் யார் என்று காலனியில் ஒருவரிடமும் நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னை நாலு பேர் வைதிருப்பார்கள், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பதினொன்றில் உங்கள் காலம் முடிந்தது. கொஞ்ச நாளில் உங்களை யூனிஃபார்மோடு கூட்டு ரோட்டில் பார்த்தேன். ஒரு கான்ட்ராக்டர் மூலமாகப் பழையபடி கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தீர்கள். "புதுத் தலைவரு கோடு போடச் சொல்றாரா சார்?" என்று கேட்டீர்கள். அவர் சொல்வதில்லை, நானாகப் போடுகிறேன் என்றேன். சிரித்தீர்கள். மன்னிப்புக் கேட்பதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. பஸ் வந்துவிட்டது, நீங்கள் ஏறிவிட்டீர்கள், நானும் ஒரு நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன். எப்பேர்ப்பட்ட நிம்மதி பாருங்கள்.

உண்மையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு திட்டம் இருந்தது. மகள் படிப்பு முடியட்டும் என்று காத்திருந்தேன், முடிந்தது. வேலை கிடைக்கட்டும் என்றேன், கிடைத்தது. கல்யாணம் ஆகட்டும், ஆயிற்று. பிறகு, ரிடையர் ஆக எட்டு மாதம்தானே இருக்கிறது என்றேன். அந்த எட்டு மாதத்துக்குள் ஒரு காலையில், ஷிஃப்டுக்கு பஸ் பிடிக்க நீங்கள் ஒரகடத்தில் ரோட்டைக் கடக்கும்போது கன்டெய்னர் லாரி மோதிவிட்டது என்று போன் வந்தது.

உங்கள் வீட்டுக்கு நான் வந்தது அன்றுதான் முதல் முறை. அந்த வீட்டுக்குக் கதவு எண் கொடுத்தவன் நான், வருடா வருடம் வரி ரசீது எழுதியவன் நான். வாசற்படி எத்தனை என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கேன் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். காலனியில் அப்போது எல்லோரும் கேன் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். குடித்தேன். ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தின் கடைசி வாசகம் கூட்டத்தில் நிறைவேறியது அல்ல, மூன்று நாள் கழித்து என் கையால் எழுதப்பட்டது, விசாரணையில் நான் சொன்னது பொய் என்று. குற்றச்சாட்டுக் குறிப்பு கொடுத்தார்கள், எனக்கு வர வேண்டியவற்றை நிறுத்தி வைத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அதுவும் பொய். மகளிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா" என்றாள். அன்றிலிருந்து அப்படிச் சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டேன்.

விடுதிக் கட்டடத்தை மறுபடி அளந்தார்கள். இந்த முறை ஒன்றியத்திலிருந்து இன்ஜினியர் வந்தார், கேட்டைத் திறந்துவிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போய் வேப்பமரத்தடியில் நின்றேன். உங்கள் அளவு நோட்டு ஆபீசில் பத்திரமாக இருந்தது. இன்ஜினியர் இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு, யார் அளந்தது, இவ்வளவு சரியாக இருக்கிறதே என்று கேட்டார். கோணலாக விழுந்த அந்தக் கடைசி அறையின் எண்கூடச் சரியாகத்தான் இருந்தது. கட்டடம் பதிவேட்டில் ஏறிவிட்டது. சுவரில் கதவு எண் எழுதியிருக்கிறார்கள். கல்லூரி கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, வாய்தா நடந்துகொண்டிருக்கிறது. இப்போது இருக்கும் தலைவர் இதை நம்பிக் காலனிப் பக்கம் பள்ளம் வெட்ட ஆரம்பித்திருக்கிறார். குழாய் இன்னும் வரவில்லை. போன மழையில் பள்ளத்தில் தண்ணீர் நின்றது, சின்னப் பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கடிதம் நான்காவது தாளின் நடுவில் வந்து முடிகிறது. கீழே கையகல இடம் மீதி இருக்கிறது. ஸ்கேல் வைத்துச் சாய்கோடு போட்டுவிட்டேன், தலைவரம்மா. தலைமாட்டில் என் இனிஷியல் வைத்துவிட்டேன். காலடியில் உங்கள் இடம் காலியாக இருக்கிறது. அதை மட்டும் என்னால் அடிக்க முடியவில்லை.